கனடாக் குதிரையும் நமது விமர்சகரும்

மதிப்புரை எழுதுவது கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை மாதிரி: எல்லா இலையையும் குனிந்து பார்க்க வேண்டும், சாம்பாரில் உப்புக் கூடினால் நம்மைத்தான் முறைப்பார்கள், நீ சாப்பிட்டாயா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடிக்கிற சகாக்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காவது நம்ம ஊர்ப் புத்தகம் வரும். எனக்கு வந்தது கனடாப் புத்தகம். குழந்தைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று ஒரு வருஷத்துக்கு மேல் படித்து எழுதினேன். என்ன மிச்சம் என்று கேட்கிறவர்கள் கடைசி வரி வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேரம்

நயா பைசா வந்த புதிது. மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடை வைத்திருந்தேன். கடை என்றால் சுவரோரம் இரண்டு பலகை, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். அதற்கு முன்னால் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன்னால் ஐந்தாம் வகுப்பில் வாத்தியாரை எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே வந்தவன், திரும்ப உள்ளே போகவில்லை. இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாக்கு மேல் அச்சடித்த எழுத்தில் ஆரம்பித்து, எடைக்கு வாங்கின தாளையெல்லாம் தராசில் போடுவதற்கு முன்னால் படித்துப் படித்து, பத்து வருஷத்தில் தானாக வந்து சேர்ந்தது.

ஒரு நாள் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் சுந்தரேசன் அகராதி வாங்க வந்தார். பேரம் சூடாக இருக்கும்போது, நான் கவிழ்த்து வைத்திருந்த இங்கிலீஷ் நாவலைக் காட்டி, இது படிக்கவா, ஈ ஓட்டவா என்று கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அந்த நாவலின் கதையை அங்கேயே நின்றபடி அரை மணி நேரம் சொன்னேன். அவர் அகராதியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கஷ்டத்தைச் சொன்னார். கனடாவில் ஏதோ ஓர் ஆபீசிலிருந்து புதுப் புத்தகங்கள் பார்சலாக வருகின்றன. மதிப்புரை போட்டு, அதை வெட்டி அனுப்பினால்தான் அடுத்த பார்சல் வரும். வழக்கமாக எழுதுகிற கல்லூரிப் பேராசிரியர், பனியும் கரடியும் தன் தகுதிக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். பஸ் செலவு கொடுத்துவிடுகிறேன், நீங்கள் எழுதுகிறீர்களா என்று கேட்டார்.

பஸ் செலவு வேண்டாம், மதிப்புரைக்குக் கீழே மா. முத்துக்கருப்பன் என்று என் முழுப் பெயர் வர வேண்டும் என்றேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். தெப்பக்குளம் பக்கம் ஒரு வாசகசாலை இருந்தது. மூட்டை தூக்கின காலத்தில் தோளில் கோணியோடு ஒரு தடவை உள்ளே நுழைந்தேன். மேஜை குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரக்கு இறக்குகிற வாசல் பின்பக்கம் என்றார். அந்த மேஜையில் சனிக்கிழமை தோறும் இந்தப் பத்திரிகை கிடக்கும். அதில் என் பெயர் கிடக்க வேண்டும், அந்த ஆள் அதை எடுத்துத் தட்டி அடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. சுந்தரேசன் யோசித்து, முதல் மூன்று மதிப்புரைக்கு ‘நமது விமர்சகர்’ என்று போடுவோம், நாலாவதிலிருந்து உங்கள் பெயர் என்றார். எழுதிக் கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றேன். சிரித்துக்கொண்டே அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“பேருதானேங்க முத்துக்கருப்பன், அது எங்க ஓடிப்போகுது?”

ஐஸ் பாக்டரி

முதலில் வந்தது குழந்தைகள் புத்தகம். குளிர் காலத்தில் ஒரு ஏரி முழுக்க உறைந்துபோகிறது. ஊர் ஜனம் குதிரையும் வண்டியுமாக ஏரி மேல் ஏறிப் போகிறது, நடு ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறது. நான் நம்பவில்லை. நம்பாத விஷயத்தை நம்பின மாதிரி எழுதுவது கள்ளத் தராசு பிடிக்கிற வேலை. அதனால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஐஸ் பாக்டரிக்குப் போனேன். என்னோடு மூட்டை தூக்கின சுப்பையா அங்கே இருந்தான். மரத்தூளை ஒதுக்கி ஒரு பாளத்தைக் காட்டினான். அதன் மேல் ஏறி நின்றேன். வழுக்கி விழுந்தேன். நம்பிக்கை வந்தது.

‘கொள்ளிடம் கரைக்குக் கரை இறுகிக் கிடக்க, அதன் மேல் ஒரு பார வண்டி கடகடவென்று போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினேன். இன்றைக்கும் நான் எழுதினதில் அதுதான் நல்ல வரி என்பேன். சுப்பையாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், முகம் சிடுசிடுவென்று ஆகிவிட்டது.

“ஆத்தையே ஐஸா ஆக்கிப்புட்டா, நாங்க யாருக்குடா விக்கிறது?”

எங்கே கிடைக்கும்

மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும் என்பது நம் தொழிலில் வழக்கம். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று எழுதுகிறவனுக்கு. கனடாக்காரர்களுக்கு இது யார் சொல்வது? ஒன்றுதான் வரும். அது சுந்தரேசனின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். எழுதும் மட்டும் என் கையில் இருக்கும், அதுவும் செய்தித்தாளில் அட்டை போட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு. ஆக, திருச்சி ஜில்லாவுக்கே ஒரு பிரதி, அதுவும் பூட்டுக்குள்.

முதல் மதிப்புரை வந்த வாரமே பொன்மலையிலிருந்து ஒரு ரயில்வே குமாஸ்தா தேடிக்கொண்டு வந்தார். மகளுக்கு அந்த ஏரிப் புத்தகம் வேண்டுமாம். இங்கே கிடைக்காது என்றேன். மெட்ராஸில்? அங்கேயும் கிடைக்காது. பின்னே எங்கே? கனடாவில். அவர் பத்திரிகையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கிடைக்காத சாமானுக்கு எதற்குத் தண்டோரா என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. அடுத்த மதிப்புரையிலிருந்து நான் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், கடைசிப் பக்கத்தில் என்ன நடந்தது, எல்லாம். வாங்க முடியாதவனுக்கு மதிப்புரைதான் புத்தகம். பேராசிரியரை அச்சாபீசில் பார்த்தேன். தன் கட்டுரைக்குப் புரூப் திருத்த வந்திருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“முடிவைச் சொல்றது விமர்சனம் இல்லைப்பா. அதுக்குப் பேரு கோள் சொல்றது.”

ஸ்ரீரங்கத்து டீச்சர்

மூன்றாவது மதிப்புரைக்குப் பிறகு ஒரு சாயங்காலம், ஒன்பது கஜம் கட்டின ஓர் அம்மாள் கடை முன்னால் வந்து நின்றார். ஸ்ரீரங்கத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர், பெயர் வேதவல்லி, உத்தர வீதியில் வீடு. கையில் ஒரு நோட்டு. என் மதிப்புரைகளை வெட்டிப் பசை தடவி ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாற்பது குழந்தைகளுக்கு அதைத்தான் கதையாக வாசிக்கிறாராம். கொள்ளிடத்தில் வண்டி போன இடத்தை மட்டும் ஏழு தடவை கேட்டார்களாம். எனக்குக் காது குளிர்ந்தது, உங்களுக்குத்தான் தெரியுமே, நம் தொழிலில் காது குளிர்வது எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் என்று.

எழுதினவரைப் பார்க்க வேண்டும், பத்திரிகை ஆபீசில் இந்தக் கடைக்குப் போகச் சொன்னார்கள் என்றார். நான்தான் என்றேன். அவர் என் மடித்துக் கட்டின வேட்டியைப் பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார், பலகையில் கிடந்த பழைய நோட்ஸ்களைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளாமல், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

“நீங்க விக்கறவர், சரி. எழுதறவர் எப்போ வருவார்?”

கடைசி வரி

நாலாவது பெரியவர்களுக்கான நாவல். கோதுமை விவசாயி ஒருவன், விளைந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், எடை போடுகிறவனோடு சண்டை பிடிக்கிறான். புத்தகம் முழுக்க அந்தச் சண்டைதான். பேராசிரியருக்கு அதில் இலக்கியம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. தராசு முள்ளைக் கட்டை விரலால் தள்ளுகிறவன் கனடாவிலும் இருக்கிறான் என்று எழுதினேன். காந்தி மார்க்கெட்டில் இரண்டு பேர் அதை வெட்டிக் கடையில் ஒட்டிக்கொண்டார்கள். பெயர் வர வேண்டிய மதிப்புரை அதுதான். சனிக்கிழமை காலையில் பிரித்துப் பார்க்கிறேன், பெயர் இல்லை. மதிப்புரைக்குக் கீழே கூந்தல் தைல விளம்பரம்.

நேரே அச்சாபீசுக்குப் போய்க் கத்தினேன். அச்சுக் கோக்கிற அந்தோணி பாலக்கரைக்காரன், நல்லவன். என்னை உட்கார வைத்து, கோத்த எழுத்தை அடுக்கி வைக்கிற கேலித் தட்டைக் காட்டி விளக்கினான். விஷயம் பத்தியை விட்டு நீண்டால் அடியில் எடுத்துவிடுவார்களாம். அடுத்த தடவை சுருக்கி எழுதினேன், அப்போது ஒரு சினிமா விளம்பரம் பெரிதாக வந்தது. அதற்கடுத்த தடவை ஒரு மரண அறிவிப்பு. ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சுந்தரேசன் அடுத்த இதழில் நிச்சயம் என்பார், அந்தோணி கையை விரிப்பான்.

“யாரையும் பகைச்சுக்காம எடுக்கிறதுன்னா கடைசி வரியைத்தான் அண்ணே எடுக்கணும். உங்க பேரு அங்க போய் உக்காந்திருக்கு.”

பதினாறு பக்கம்

ஒன்பதாவது புத்தகம் குழந்தைகளுக்கானது. சமவெளியில் தனி வீடு. அப்பா டாக்டரைக் கூப்பிட ஊருக்குப் போயிருக்கிறார், அம்மா காய்ச்சலில் கிடக்கிறாள். பனிப் புயல் அடிக்கிறது. அந்த ஊரில் புயலென்றால் நீட்டின கை தெரியாதாம். அதனால் வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் போய் வருவார்கள். பத்து வயசுப் பெண் நெல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழட்டு வெள்ளைக் குதிரைக்குத் தீனி வைக்கப் போகிறாள். லாயத்துக் கதவு திறந்து கிடக்கிறது, குதிரையைக் காணோம். கயிற்றை விடாமல் தேடப் போகிறாள். கயிறு அறுகிறது.

அது ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் பழைய பாடப் புத்தகக் கடைக்காரனுக்கு மூச்சு விட முடியாது. பாதி படித்ததும் பாதி மதிப்புரையைக் கொடுத்துவிட்டேன். ‘நெல்லி திரும்பினாளா? அடுத்த வாரம்’ என்று அடியில் போட்டார்கள். மறு வாரம் மீதியைப் படிக்கிறேன். நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தில் கயிறு அறுந்தது. புரட்டினால் மறுபடி நூற்றுப் பதின்மூன்று. பைண்டு செய்தவன் ஒரே பதினாறு பக்கத்தை இரண்டு தரம் வைத்துத் தைத்துவிட்டான். கடைசிப் பதினாறு பக்கம் புத்தகத்திலேயே இல்லை.

முன்னுரையும் பின்னட்டையும் படித்து மதிப்புரை எழுதுகிற சகாக்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எட்டுப் புத்தகத்தைக் கடைசி எழுத்து வரை படித்தவனுக்குத்தான் இது விதித்தது. பக்கம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மதிப்புரை நிற்கும். இந்தத் தடவை வானமே இடிந்தாலும் உங்கள் பெயர் வரும் என்று சுந்தரேசன் சத்தியம் செய்திருந்தார், அதுவும் நிற்கும். வெள்ளிக்கிழமை நாற்பது குழந்தைகள் காத்திருக்கும். உட்கார்ந்து நானே முடிவை எழுதினேன். அறுந்த கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு குதிரை பனியிலிருந்து வருகிறது, நெல்லியை முதுகில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறது. எழுதிக்கொண்டே போனதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அந்தோணி கோத்து முடித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“குதிரை வந்துடுச்சா அண்ணே, நல்ல வேளை. உங்க பேருக்குத்தான் இடம் இல்லாமப் போச்சு.”

ஸ்ரீரங்கத்துக் குதிரை

அடுத்த வாரமே வேதவல்லி டீச்சர் நாற்பது படங்களோடு வந்தார். குழந்தைகள் அந்தக் குதிரையை வரைந்திருந்தன. கனடாக் குதிரையை அவை எங்கே கண்டன? கோயில் குதிரை வாகனத்தைத்தான் கண்டிருக்கின்றன. கழுத்தில் மணி மாலை, நெற்றியில் சுட்டி, முன்னங்கால் தூக்கி நிற்கிறது. பின்னால் அப்போது கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரம், அதன் தலையில் கொட்டைப் பஞ்சு மாதிரி பனி. ஒரு குழந்தை குதிரைக்குத் திருமண் இட்டிருந்தது. சுந்தரேசன் பூரித்துப்போய் ஒரு பக்கம் முழுக்கப் படங்களைப் போட்டார். பள்ளிக்கூடத்தின் பெயர், டீச்சர் பெயர், வரைந்தவர்கள் பெயர் எல்லாம் வந்தன. ‘நமது விமர்சகரின் மதிப்புரையால் தூண்டப்பட்டு’ என்று நானும் ஓரமாக வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அதுவரைக்கும் தமிழில் வெட்டித்தான் அனுப்பினார்கள், கனடாவில் யார் படிக்கப் போகிறார்கள்? இந்தத் தடவை சுந்தரேசன் பேராசிரியரைக் கொண்டு மதிப்புரையை இங்கிலீஷில் பெயர்த்து, படங்களோடு சேர்த்து அனுப்பினார். பனி தகுதிக்கு ஒத்துவராத மனுஷருக்கு மொழிபெயர்ப்பு ஒத்துவந்தது. இரண்டரை மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அதே புத்தகம், இந்தத் தடவை வழக்கப்படி இரண்டு பிரதி. கூடவே புத்தகம் எழுதின அம்மாளின் கடிதம். படங்கள் ரொம்ப அழகு, ஆனால் என் புத்தகத்தில் குதிரை திரும்பி வருவதில்லை, வராத குதிரைக்காகத்தான் புத்தகத்தையே எழுதினேன் என்று தன்மையாக எழுதியிருந்தார். சுந்தரேசன் அலமாரியைத் திறந்து பழைய பிரதியைப் புரட்டிப் பார்த்தார். நான் பைண்டரைத் திட்டினேன், கனடாவைத் திட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“பதினாறு பக்கம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. பேருக்கு ஆசைப்பட்டுட்டீங்க.”

உண்மையான முடிவு

ஒரு வழியாக எனக்கென்று ஒரு பிரதி கிடைத்தது. அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். நெல்லி அறுந்த கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து தானே வீடு வந்து சேர்கிறாள். குதிரை வரவில்லை. மாதக் கணக்கில் லாயத்துக் கதவைத் திறந்தே வைக்கிறாள். வசந்தத்தில் பனி கரைந்தபோது வேலியோரம் குதிரையின் கழுத்து மணி மட்டும் கிடைக்கிறது. அதை லாயத்தில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். என் முடிவை விட நூறு மடங்கு மேல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேதவல்லி டீச்சர் வந்தபோது, யார் வாயாலோ கேட்பதற்கு முன் நானே புத்தகத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அந்தப் பதினாறு பக்கத்தையும் நின்ற இடத்திலேயே படித்தார். பஸ் ஒன்று வந்து நின்று போனது, அவர் ஏறவில்லை. நான் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் கேட்காமல் புத்தகத்தைப் பலகை மேல் வைத்தார்.

“நாற்பது குழந்தைகள்கிட்ட அது வந்துடுத்துன்னு சொல்லியாச்சு. இனிமே நான் போய் அதைக் கொல்லணும். யார் இப்படிச் சொன்னான்னு கேட்டா, இந்தத் தடவையாவது உங்க பேரைச் சொல்லட்டுமா?”

பெட்டி

வருத்தம் தெரிவிக்காவிட்டால் அடுத்த பார்சல் வராது என்று சுந்தரேசன் பயந்தார். பத்திரிகைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பேராசிரியர் யோசனை சொன்னார். ‘நமது விமர்சகர்’ என்று போட்டால் பழி பத்திரிகை மேல் விழும், ஆளைத் தனியாகக் காட்டிவிட வேண்டும். அந்த அறிவிப்பை அவரே உட்கார்ந்து எழுதினார். ‘பனிப் புயல் பற்றிய கனடாக் குழந்தை நூலின் முடிவைத் தன் கற்பனையாகத் திரித்து எழுதியவர், மெயின்கார்டு கேட் பழைய புத்தகக் கடை மா. முத்துக்கருப்பன் என்பவர். வாசகர்களிடம் வருந்துகிறோம்.’ முதல் பக்கம், மேல் ஓரம்.

வெள்ளிக்கிழமை அச்சாபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்தோணி கேலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் கனமான கோடு போட்டு, உள்ளே என் பெயரைத் தடித்த கறுப்பெழுத்தில் கோத்திருந்தான், இனிஷியல் உள்பட. ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“பெட்டி கட்டியாச்சு அண்ணே. எந்த விளம்பரம் வந்தாலும் இதுல ஒரு வரியை எடுக்க முடியாது.”

வாசகசாலை

சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வாசகசாலைக்குப் போனேன். அதே குமாஸ்தா, தலை நரைத்திருந்தது. சட்டையைப் பார்த்து, வாங்க, உட்காருங்க என்றார். பத்திரிகை மேஜை மேல், நான் நினைத்த அதே இடத்தில் கிடந்தது. அவர் அதை எடுத்துத் தட்டினார், பெட்டியைப் பார்த்தார், வாய்விட்டுப் படித்தார். என் பெயரைக் கொஞ்சமும் தடுமாறாமல் படித்தார். நீங்களும் மெயின்கார்டு கேட் பக்கமா, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார். தெரிந்தவன்தான் என்றேன். கையை ஓங்குகிறவன் நான், அன்றைக்கு என் கை மேஜையை விட்டு எழவில்லை.

“தெரிஞ்சவன்னா கொஞ்சம் புத்தி சொல்லுங்க, பாவம், பேரைக் கெடுத்துக்கிட்டானே.”

ஆகவே சகாக்களே, எட்டுப் புத்தகத்துக்கு ஒழுங்காக மதிப்புரை எழுதினவர் நமது விமர்சகர், ஒன்றைத் தப்பாக எழுதினவன்தான் மா. முத்துக்கருப்பன்.